கோச்சைத் தூக்கலாம் சார், செட்டில்மென்ட் யார் தருவது?

2023 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் டீம் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தம் 2031 வரை இருந்தது. மிச்ச வருஷங்களுக்கான பணத்தையும் கொடுத்தாக வேண்டும். கூட்டிப் பார்த்தால் சுமார் 7.6 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 630 கோடி ரூபாய். ஒரு காலேஜ் டீம் கோச்சிடம் 'நாளையிலிருந்து வராதீங்க' என்று சொல்ல ஆன செலவு இது.

அது கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் இந்தத் தொகையை எங்கள் மேட்ச் கோஷ்டியில் எடுத்துவிட்டபோது நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கோஷ்டி என்றால் செங்கல்பட்டு, சிங்கபெருமாள்கோவில், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி என்று அந்த லைன் முழுக்கச் சிதறிக் கிடக்கிற, சென்னையின் எஃப்சி கால்பந்து கிளப்பின் ரசிகர்கள். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் முடிந்து, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, செங்கல்பட்டு வண்டி கிடைத்தால் கடவுள் செயல். தாம்பரம் வண்டிதான் வந்தது என்றால் பாதி வழியில் இறங்கி நிற்க வேண்டும். தோற்ற ராத்திரிகளில் இந்தப் பயணம் இன்னும் நீளம். 2024-25 சீசனில் அப்படிப்பட்ட ராத்திரிகள் நிறைய. பதின்மூன்று டீமில் பதினோராவது இடத்தில் போய் முடித்தோம்.

அப்படி ஒரு ராத்திரி, கோடம்பாக்கம் தாண்டுவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கோச் ஓவன் காயிலைத் தூக்க வேண்டும். கூடுவாஞ்சேரித் தம்பி, இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இதுக்கு மேல என்னண்ணா பேச்சு? நாளைக்குக் காலைல தூக்கணும். அவ்ளோதான்."

எதிரே உட்கார்ந்திருந்த மறைமலைநகர் அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "தூக்கலாம்டா. செட்டில்மென்ட் எவ்ளோ வரும் அவருக்கு?"

தம்பிக்குக் கேள்வியே புரியவில்லை. "கோச்சுக்கு எதுக்குண்ணா செட்டில்மென்ட்? டீம் தோத்துக்கிட்டே இருக்கு."

"தோத்தா சம்பளம் கிடையாதுன்னு கையெழுத்து போட்டிருக்காரா?"

அந்த அண்ணன் ஃபோர்டு தொழிற்சாலையில் இருந்தவர். அதனால்தான் கேள்வி அங்கே போய் நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மறைமலைநகர் பிளான்ட்டிலிருந்து கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. நடுவில் இருந்த அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. ஒரு வருஷ சர்வீசுக்கு எத்தனை நாள் சம்பளம்? சட்டப்படி ஆட்குறைப்புக்குக் கொடுக்க வேண்டியது வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம்தான். அதில் தொடங்கிய வாதம் நூறு நாளுக்கு மேலே ஏறி, வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே போனது. கிராஸ் சம்பளமா பேசிக்கா, வரி யார் கட்டுவது, முழு வருஷத்தை மட்டும் கணக்கில் எடுப்பதா என்று பத்தாவது படித்தவர்கூட ஆடிட்டர் மாதிரிப் பேசினார். அதைக் கடந்து வந்த மனுஷனுக்கு ஒரு வேலை முடிகிறது என்றால் முதலில் தோன்றுகிற கேள்வி அதுதான். ஜெயித்தவன் தோற்றவன் கதையெல்லாம் அப்புறம்.

அன்றைக்கு நான் 630 கோடியை எடுத்துவிட்டேன். "சும்மா அடிச்சு விடாத" என்றார்கள். போனில் காட்டினேன். வண்டி கிண்டி வரும்வரை யாரும் காயிலைப் பற்றிப் பேசவில்லை.

சென்னையின் எஃப்சியின் கதையை எடுத்துக்கொண்டால், கோச் ஒப்பந்தம் என்கிற சங்கதியில் என்னவெல்லாம் நடக்க முடியுமோ அத்தனையும் அங்கே நடந்திருக்கிறது. 2014-இல் மார்கோ மட்டெராஸி. ஜிடான் தலையால் முட்டினாரே, அவரேதான். 2015 டிசம்பரில் நம் ஊரே வெள்ளத்தில் மிதந்தது; அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் கொண்டுபோய் ஆடிவிட்டு, கோவாவை அதன் வீட்டிலேயே 3-2 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கினார். அடுத்த வருஷம் ஏழாவது இடம். பிரிந்துவிட்டார்கள்.

பிறகு ஜான் கிரெகரி. 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூருவை 3-2 என்று சாய்த்து இரண்டாவது பட்டம். மறு சீசன் பத்து டீமில் பத்தாவது. சாம்பியனிலிருந்து கடைசிப் படிக்கு ஒரே வருஷம்! இன்றைக்கு என்றால் பாதி சீசனிலேயே பெட்டி கட்டச் சொல்லியிருப்பார்கள். கிளப் அவரை அனுப்பவில்லை. 2019 நவம்பர் கடைசியில், அடுத்த சீசனும் மோசமாக ஆரம்பித்த பிறகு, அவராகவே விலகினார்.

அந்த இடத்துக்குத்தான் ஓவன் காயில் முதல் முறை வந்தார். புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த டீமை நான்காவது இடத்துக்கு ஏற்றி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, ஃபைனல்வரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14, ஃபடோர்டா, கொரோனாவால் காலி ஸ்டேடியம். கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். அந்த சீசனில் வால்ஸ்கிஸ் போட்ட பதினைந்து கோலை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். டிசம்பருக்கு முன்னால் கோல் அடிக்கத் தெரியாத டீம் அது.

இனிதான் நம் விஷயம். அடுத்த சீசனுக்குக் காயில் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். 2021-22-இல் அந்த ஊருக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். நமக்கு எட்டாவது இடம் இரண்டு தடவை கிடைத்தது. நீளமாக எழுதிக்கொடுத்தால் தூக்கும்போது பணம் போகும். குறைவாக எழுதிக்கொடுத்தால் நல்ல ஆளே போய்விடுவார். இந்த இரண்டாவது நஷ்டத்துக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. அதற்கு ரசீது கிடையாது இல்லையா.

சாபா லாஸ்லோ ஒரு சீசன். பொஷிதார் பாண்டோவிச் ஒரு சீசன்கூட முழுதாக இல்லை. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று வாங்கிய சில நாளில் அனுப்பப்பட்டார். எல்லா ஆட்டமும் கோவாவில், ரசிகர்கள் உள்ளே போக முடியாத காலம். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து கத்தியதுதான் மிச்சம். அப்போது மிச்ச ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய நம்ம ஊர்க்காரர். வெள்ளைக்கார கோச்சுகள் வந்து வந்து போக, உதவிப் பயிற்சியாளராக உள்ளேயே இருந்தவர். சீசன் முடிந்ததும் தாமஸ் பிரடாரிச்சைக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் வண்டியில் இது தனி சண்டை. சிங்கபெருமாள்கோவில் நண்பர் ஒருவர், பி ஸ்டாண்டில் டிரம் அடிக்கிறவர், சபீர் பாஷா பேச்சு வந்தால் குரல் மாறிவிடும். "நம்மாளுன்னா தற்காலிகம். வெளிநாட்டுக்காரன்னா ஒப்பந்தம்" என்பார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கோச்சிங் லைசென்ஸ் விதிகள், முதலாளிகளின் கணக்கு, விளம்பரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதைப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, கிளப் கோச் சங்கதியில் நமக்கு ஒரு வசதி உண்டு. பணம் முதலாளி பையிலிருந்து போகிறது. அபிஷேக் பச்சனும் தோனியும் வீட்டா தானியும் அவர்கள் பாடு, காயில் அவர் பாடு. நடுவில் திரும்பி வந்திருந்த காயில் 2025 கோடையில் இரண்டாவது முறையும் கிளம்பினார். கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். என்ன கொடுத்தார்கள், என்ன கழித்தார்கள் என்று யாரும் நம்மிடம் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

நாட்டு அணியின் கோச் விஷயம் அப்படியில்லை. அங்கே போகிற பணம் நம் எல்லோருக்கும் சொந்தமான விளையாட்டின் பணம். இகோர் ஸ்டிமாக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்டிமாக் 2019 மே மாதம் வந்தார். குரோஷியாக்காரர், 1998 உலகக் கோப்பையில் மூன்றாவது இடம் பிடித்த அணியில் ஆடியவர். நாலு வருஷம் ஏற்ற இறக்கமாக ஓடியது. 2023-இல் திடீரென்று எல்லாம் கைகூடி வந்தது. மார்ச்சில் இம்பாலில் முத்தரப்புப் போட்டி, ஜூனில் புவனேஸ்வரில் லெபனானை 2-0 என்று வென்று இன்டர்கான்டினென்டல் கோப்பை, ஜூலையில் பெங்களூரில் குவைத்தை பெனால்டியில் வென்று சாஃப் கோப்பை. ரேங்கிங் நூறுக்குள் வந்து 99 ஆனது. அந்தச் சூட்டோடு சூடாக, 2023 அக்டோபரில், ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரை நீட்டித்தார்கள். அப்போது எதிர்த்துப் பேசிய ரசிகர் ஒருவரைக்கூட எனக்கு ஞாபகமில்லை. நடுவில் அணித் தேர்வுக்கு ஜோசியரைக் கேட்டார் என்று பத்திரிகையில் பெரிய செய்தி வந்தது; அதையும் நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோனோம். கப் வருகிறதே!

2024 ஜனவரி, ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6, கொல்கத்தா, சுனில் சேத்ரியின் கடைசி ஆட்டம், குவைத்துடன் 0-0. ஜூன் 11, தோஹாவில் கத்தாரிடம் 1-2; அதில் ஒரு கோல் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகு அடித்தது, உலகமே பார்த்தது, நடுவர் மட்டும் பார்க்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே. ஜூன் 17-ஆம் தேதி அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை நீக்கியது.

கோஷ்டியில் பட்டாசு வெடிக்காத குறை. மறைமலைநகர் அண்ணன் மட்டும், "இரு, இப்பதான் பில்லு வரும்" என்றார்.

பில் வந்தது. ஸ்டிமாக்கின் சம்பளம் மாதம் 30,000 டாலர், 2025 பிப்ரவரியிலிருந்து 40,000. நீக்கியது ஜூனில் என்பதால் எட்டு மாதத்துக்கு முப்பதாயிரம், மிச்சம் பதினேழு மாதத்துக்கு நாற்பதாயிரம். போட்டுப் பாருங்கள், 9,20,000 டாலர். அதைத்தான் கேட்டார். கூட்டமைப்பு சொன்னது மூன்று மாதச் சம்பளம். பத்து நாளில் தரவில்லையென்றால் ஃபிஃபாவிடம் போவேன் என்றார் அவர். பத்திரிகையாளர்களைக் கூட்டித் தலைவர் கல்யாண் சௌபேயை வறுத்தெடுத்தார். அவர் பதவியை விட்டுப் போகிற அன்றைக்குத்தான் இந்தியக் கால்பந்து உருப்படும் என்கிற ரீதியில். ஒப்பந்தத்தில் இடையில் நீக்குவதற்கான விதியே சேர்க்கவில்லை என்று ஒரு பக்கமும், அதற்கு நான் பொறுப்பில்லை என்று இன்னொரு பக்கமும் கூட்டமைப்புக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். கடைசியில் 4,00,000 டாலரில் முடிந்தது. சுமார் 3 கோடியே 36 லட்சம் ரூபாய்.

"கொள்ளை!" என்றான் தம்பி. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஸ்டிமாக் கேட்டது அவருக்கு எழுதிக்கொடுத்த பணத்தை. ஃபிஃபா 2021 ஜனவரியிலிருந்து கோச்சுகளுக்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் நீக்கினால் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் தொகை முழுக்க நஷ்டஈடு. இடையில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம். மேட்ச் தோற்பது மட்டும் நியாயமான காரணம் ஆகாது என்று விளையாட்டு நடுவர் மன்றங்களில் பல முறை தீர்ப்பாகிவிட்டது. தோற்றால் அனுப்பும் உரிமை வேண்டுமென்றால் அதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும். ஆசியக் கோப்பையில் இந்தச் சுற்றுக்குக் கீழே போனால் இத்தனை மாதச் சம்பளத்தோடு முடிந்தது என்று ஒரே ஒரு வரி. அந்த வரியின் விலைதான் 3.36 கோடி.

அமெரிக்காக்காரன்கூட இதில் பாடம் படித்துவிட்டான் போல. ஃபிஷருடைய ஒப்பந்தத்தில் வேறு வேலை கிடைத்தால் கழித்துக்கொள்கிற விதி இல்லை. முழுத் தொகையும் போயே தீர வேண்டும். 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது தலைப்புச் செய்தி சுமார் 4.9 கோடி டாலர். ஆனால் அவர் வேறு வேலை தேடியாக வேண்டும், கிடைத்தால் கழியும் என்று இருந்தது. அடுத்த மாதமே வர்ஜினியா டெக் அவரை எடுத்துக்கொள்ள, 90 லட்சம் டாலரோடு கணக்கை முடித்தார்கள். இரண்டு ஒப்பந்தத்துக்கும் நடுவில் சில வரிதான் வித்தியாசம்.

ஆகவே என் கட்சி இது: கோச்சைத் தூக்கு, தூக்காதே என்று நாம் அடித்துக்கொள்ளும் வேளையில் பாதி ஆட்டம் முடிந்துபோயிருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய நாள் 2023 அக்டோபர். நாம் கேட்டது 2024 ஜூனில். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்களை விட்டுவிட்டு, கையெழுத்து வாங்கியவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

ஸ்டிமாக்குக்கு அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸைப் பாருங்கள். ஸ்பெயின்காரர். ஒரு வருஷம் எஃப்சி கோவாவுக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரத்தில் கோச். எட்டு ஆட்டம், ஒரே வெற்றி. அதுவும் மாலத்தீவுக்கு எதிராக ஷில்லாங்கில். 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் கடைசி நேரத்தில் 0-1. ஜூலை 2-ஆம் தேதி இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை என்று அறிவிப்பு. முடிவைப் பார்த்தால் ஸ்டிமாக்கைவிட மோசம். பில் மட்டும் பூஜ்யம்.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் என் மனசு ஆறாது. ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபுட்பால் கோச்சாக இருந்தார். பி.டி. சாருக்குக் கீழே, கன்சாலிடேட்டட் பே. பி.எஃப். இல்லை, லீவு எடுத்தால் பிடித்தம். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். சாக்குப்பையில் இருக்கிற பந்துகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, காற்று இறங்கினதைத் தன் சைக்கிள் பம்பில் ஊசி மாட்டி அடிப்பார். ஊசிக்குப் பில் போட்டுப் பணம் கேட்டால் ஆபீஸில் மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால் கேட்கவே மாட்டார். மண்டல அளவிலான போட்டியில் டீம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஜூனில் கல்லூரி திறந்தபோது அவருக்கு வந்தது ஒரு மெயில். 'தங்கள் சேவை இனி தேவைப்படவில்லை.' ஒப்பந்தம் பத்து மாதத்துக்குத்தான் என்பதால் செட்டில்மென்ட் என்கிற பேச்சுக்கே இடமில்லை. மைதான ரூமில் அவருடைய விசிலும் ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தன. வாட்ச்மேன்தான் எடுத்துவந்து கேட்டில் கொடுத்தார்.

தனியார் கல்லூரி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் பகுதி நேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் என்று பல பாடம். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். 2021-இல் 10,000, 2024-இல் 12,500 என்று ஏறியது. மே மாதச் சம்பளம் இல்லாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வாசலில் உட்காராத வருஷம் அபூர்வம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் முதல்முதலாக ஃபுட்பாலைச் சரியாக உதைக்கக் கற்றுக்கொள்கிறான் என்றால், கற்றுக்கொடுக்கிறவர் பல பள்ளிகளில் இப்படிப்பட்ட ஒரு சார்தான்.

வேறு வேறு கஜானா என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை வகுத்துப் பார்த்தேன். மாதம் 12,500 வீதம் பதினொரு மாதம் என்றால் வருஷத்துக்கு 1,37,500. ஸ்டிமாக்கின் 3.36 கோடியில் இப்படி 244 பேருக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுக்கலாம். வண்டியில் இதைச் சொன்னபோது தம்பி, "அப்போ கோச்சுக்கெல்லாம் கம்மியா குடுக்கணும்னு சொல்றியாண்ணா?" என்றான். இல்லை. ஸ்டிமாக்குக்கு இருந்த பாதுகாப்பில் நூற்றில் ஒரு பங்காவது அந்த பி.டி. சாருக்கு இருக்க வேண்டும் என்கிறேன். மேலே இருப்பவரை அனுப்ப மூன்று கோடி, கீழே இருப்பவரை அனுப்ப ஒரு மெயில். இதுதான் என்னை உறுத்துகிறது.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் போனால் இந்தப் பேச்சு வேறு மாதிரி. ஒருபக்கம் எஃப்சி மெட்ராஸ் அகாடமி. ஃப்ரெஷ்ஒர்க்ஸ் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் போட்ட முதலீடு. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்து ஆடுகிறார்கள். பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் கோச்சுகளைத் திங்கட்கிழமை ரிசல்ட்டை வைத்து அளக்கக் கூடாது. பதின்மூன்று வயதுப் பையன் இருபது வயதில் என்ன ஆகிறான் என்பதுதான் அவர்களுக்கு மார்க். ஏழு வருஷம் காத்திருக்கிற பொறுமை நம்மில் யாருக்கு இருக்கிறது? அதைத் தாங்குகிற மாதிரி ஒப்பந்தம் எழுத வேண்டிய இடம் அது.

இன்னொரு பக்கம், அங்கிருந்து கோவளம்வரை வரிசையாக இருக்கிற குப்பங்கள். சாயங்காலம் ஃபைபர் படகுகளை மேலே இழுத்துப் போட்ட பிறகு, ஈர மணலில் நாலு துடுப்பை நட்டுவிட்டால் மைதானம் தயார். உப்புத் தண்ணீரில் ஊறிப் பந்தின் தையல் பிரிந்திருக்கும். வலை பொத்துகிற நைலான் நூலாலேயே அதைத் தைத்துவிடுவார்கள். கோச் என்று ஒருவர் உண்டு. காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விசில்கூட இல்லாமல் வாயாலேயே சத்தம் கொடுப்பார். பொங்கல் டோர்னமென்டில் பக்கத்துக் குப்பத்திடம் தோற்றுவிட்டால் அன்றைக்கு ராத்திரியே அவர் வேலை போய்விடும். பத்து நாள் கழித்து யாராவது போய், "மாமா, வா மாமா, பசங்க ஒழுங்கா ஓட மாட்றானுங்க" என்று கூப்பிடுவார்கள். போட்டது யார், தூக்கினது யார், திரும்பக் கூப்பிட்டது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த டோர்னமென்டில் தோற்றால் அவர்களையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியபோது எங்கள் கோஷ்டி கொஞ்ச நாள் வாயடைத்துப் போனது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் நடுவிலிருந்த உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பெங்களூருவும் ஒடிசாவும் கையை விரித்தன, அப்புறம் நாம். கோச்சைத் தூக்கு என்று கத்திய தொண்டைகள், மேட்ச் நடக்குமா என்று கேட்க ஆரம்பித்தன. சிங்கபெருமாள்கோவில் டிரம் பரணில் ஏறியது.

அதே ஆகஸ்டில்தான் காலித் ஜமீல் நாட்டு அணிக்கு கோச்சானார். 2012-க்கு அப்புறம் அந்த நாற்காலியில் முழுப் பொறுப்போடு உட்காரும் முதல் இந்தியர். வந்த வேகத்தில் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாவது இடம். அக்டோபர் 14, மட்கானில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. நவம்பர் 18, டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1.

"தூக்கணும்ணா" என்று தம்பியிடமிருந்து அன்றைக்கே மெசேஜ் வந்துவிட்டது. நான் பதிலுக்கு ஒப்பந்த விவரத்தை அனுப்பினேன்: இரண்டு வருஷம், ஆட்டத்தைப் பார்த்து இன்னொரு வருஷம் நீட்டிக்கலாம். இந்த முறை யாரோ கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஜமீலை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தகுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டத்துக்கு அவர் பொறுப்பில்லை. முழுசாக ஒரு சுற்று ஆடவிட்டுப் பிறகு கணக்குக் கேட்பதுதான் நியாயம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மறைமலைநகர் அண்ணன் எழுதினார்: "மூணாவது வருஷம் யார் முடிவு பண்ணுவாங்க? அந்த லைனை அனுப்பு."

அனுப்ப என்னிடம் இல்லை. கூட்டமைப்பு அந்த ஒப்பந்தத்தை முழுசாக வெளியிட்டால் முதல் ஆளாக அவருக்கு அனுப்புகிறேன்.